மறைந்த பாடகரின் குரல்: ஏஐ, பழைய டேப், புதுப் பாடகர் – எது தேவலை?

2024இல் தமிழ் சினிமாவில் மறைந்த பாடகர்கள் குறைந்தது நான்கு பேர் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மூலம் புதுப் பாட்டு பாடினார்கள். 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா'வில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும், 'கோட்' படத்தில் பவதாரிணி, 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'வில் மலேசியா வாசுதேவன். கேட்டுக் கண் கலங்கியவர்களும் உண்டு, இதெல்லாம் தேவையா என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. ஏஐ நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. ஒரு இசையமைப்பாளருக்கு 'அந்தக் குரல்' வேண்டும், அவருக்கு வேறு என்ன வழிகள் இருக்கின்றன, அவற்றோடு வைத்துப் பார்த்தால் இது எப்படி, அதுதான் கேள்வி.

முதலில் ஏஐ. பலர் நினைப்பது போல மெஷினிடம் பாடல் வரியைக் கொடுத்ததும் சாகுல் ஹமீது பாடிவிடுவதில்லை. குரல் மாற்றும் முறையில், உயிரோடு இருக்கும் ஒரு பாடகர் முதலில் முழுப் பாட்டையும் பாட வேண்டும், அப்புறம்தான் அந்தப் பாட்டின் மேல் மறைந்தவரின் குரல் நிறத்தை, அதாவது இது இன்னார் குரல் என்று காட்டும் தன்மையை, ஏற்றுகிறார்கள். மூச்சு எங்கே எடுப்பது, சங்கதி என்னும் குரல் நெளிவு எங்கே விழுவது, எந்த வார்த்தையை அழுத்துவது, எல்லாம் அடியில் பாடியவருடையது. குரலின் நிறம் மட்டும் இன்னொருவருடையது. அதனால்தான் சில இடங்களில் குரல் அச்சு அசலாக இருந்தும் ஆள் அங்கே இல்லை என்று காது சொல்கிறது. எஸ்பிபி பாட்டுக்கு நடுவே ஒரு சிரிப்பைச் செருகுவார், அது பாடும் நேரத்தில் அவருக்குத் தோன்றுவது, நிறத்தை மட்டும் எடுத்து வந்தால் அந்தத் தோன்றல் கூடவே வராது.

அனுமதி விஷயத்தில் 'லால் சலாம்' இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் ஒழுங்காக நடந்துகொண்டார்: இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு, தெலுங்குப் படம் ஒன்றில் எஸ்பிபி குரலை அனுமதி கேட்காமலே பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. சட்டமும் இங்கே பெரிய துணை இல்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயர் உரிமையும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக இன்றைக்குப் பெரும்பாலும் இசையமைப்பாளரின் மனசாட்சியை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

இரண்டாவது, பழைய டேப். இதற்கு பிரிட்டன் இசைக்குழு பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டை விட நல்ல உதாரணம் இல்லை. 1970களின் கடைசியில் அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு கேசட்டில் பாடி வைத்தது. 1995இல் குழுவின் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்தார்கள், பியானோ சத்தம் குரலை மூடிக்கொண்டதால் கைவிட்டார்கள். குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்த பிறகு 2023இல் பாட்டு வெளியானது, 2025இல் கிராமி இசை விருதும் வாங்கியது. இதிலும் கம்ப்யூட்டர்தான் வேலை செய்தது, ஆனால் அது லெனனைப் பாட வைக்கவில்லை, அவர் பாடியதைத் துடைத்து எடுத்துக் கொடுத்தது. சுத்தம் என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதல் இடம். சிக்கல், டேப் இருக்க வேண்டும். நம் ஊரில் பழைய ஒலிப்பதிவுகளை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று கேட்டால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. டேப் இருந்தாலும் அதில் இருப்பது பாடகர் அன்றைக்குப் பாடியது, இன்றைய படத்தின் சூழ்நிலைக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, அதே சாயலில் பாடும் ஒரு புது ஆள். இதை மட்டமாகப் பார்ப்பவர்கள் டிஎம்எஸ்ஸை நினைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அவர் தியாகராஜ பாகவதர் சாயலில் பாடியவர். போகப் போக அந்தச் சாயல் கரைந்து, சிவாஜிக்கு ஒரு மாதிரி, எம்ஜிஆருக்கு ஒரு மாதிரி என்று தனக்கே உரிய குரலுக்கு வந்து சேர்ந்தார். சாயலில் பாடுகிறவர் மனிதராக இருந்தால் நாளாக நாளாக அதிலிருந்து நழுவி வேறொருவராகிவிட வாய்ப்பு உண்டு. ஏஐ குரலில் அந்த நழுவல் நடந்தால் அதைப் பிழை என்று சொல்லித் திருத்திவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவதும் இந்த இடம்தான். கோடம்பாக்கத்தில் ட்ராக் பாடுவது ஒரு பழைய வழக்கம், பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன் மாதிரிக்கு ஒருவர் பாடி வைப்பார், சில நேரம் ட்ராக் குரலே பிடித்துப்போய் அப்படியே படத்தில் வந்துவிடும், அப்படி வாய்ப்புக் கிடைத்தவர்கள் உண்டு. ஏஐ முறையிலும் ஒருவர் ட்ராக் பாடத்தான் செய்கிறார், ஆனால் அவர் குரல் வெளியே வரவே கூடாது என்பதுதான் அந்த வேலையின் நோக்கமே.

அதனால் என் வரிசை இது. டேப் கிடைத்தால் டேப். இல்லையென்றால் புது ஆள். ஏஐ, குடும்பமே உட்கார்ந்து செய்யும்போது மட்டும். பவதாரிணி பாட்டை உருவாக்கியவர் அவர் தம்பி யுவன், மலேசியா வாசுதேவன் குரல் வந்த பாட்டில் அவர் மகன் யுகேந்திரனும் பாடியிருக்கிறார், இவற்றில் வெளியாள் கருத்துச் சொல்ல அதிகம் இல்லை. இதுவே ரசிகர்களைத் திரட்டும் உத்தியாகி, படத்துக்கு ஒரு மறைந்த குரல் என்று போனால் எனக்கு ஒப்புதல் இல்லை. எப்படிச் செய்தாலும், அடியில் பாடியவர் பெயரை மறைந்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அதற்குப் பைசா செலவில்லை.