வாடகை ஃப்ளார்ம்: பெட்டி தங்கம், கடை சுமார்

லீவுக்கு ஒத்தக்கடை வந்திருக்கிறேன். ஜெர்மனியில் கிளைடர் போட்டிக்குப் போனதையும், அதற்கு ஃப்ளார்ம் என்கிற, மோதலை எச்சரிக்கும் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்ததையும் சொன்னால், பெரியப்பா "எஞ்சினே இல்லாத பிளேனுக்கு வாடகைப் பெட்டி வேறயா?" என்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், நம் ஆட்கள் யாராவது போனால் உதவும்.

மதிய வெயிலில் யானைமலைக்கு மேலே பருந்துகள் வட்டமடிக்குமே, அந்த மாதிரி சூடான காற்று ஏறுகிற இடத்தில் சுற்றித்தான் கிளைடரும் உயரம் பிடிக்கும். போட்டி நாளில் அதே காற்றில் இன்னும் பத்து இருபது பேர் சுற்றுவார்கள். முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ எல்லோரும் அந்தப் பக்கம்தான், சரி, ஆனால் நமக்கு நேர் கீழே இருப்பவர் கண்ணில் படவே மாட்டார். அதற்குத்தான் 2004-ல் சுவிட்சர்லாந்தில் ஃப்ளார்ம் வந்தது. ஜிபிஎஸ்ஸை வைத்து, அடுத்த சில நொடிகளில் எங்கே இருப்போம் என்று கணித்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பெட்டியும் அப்படியே சொல்லும். இரண்டு பாதையும் முட்டுகிற மாதிரி இருந்தால் பீப் அடிக்கும், எந்தத் திசை, மேலேயா கீழேயா என்று குட்டி விளக்குகள் காட்டும். எதிராளியிடம் பெட்டி இல்லையென்றால் நம்முடையது வாய் திறக்காது. அதனால்தான் போட்டிகளில் கட்டாயம் என்கிறார்கள்.

புதிது வாங்க நிறையச் செலவாகும், அதனால் வாடகை. வந்த பெட்டியை ஆன் செய்தால் முன்னால் எடுத்தவரின் போட்டி எண் அப்படியே இருக்கிறது, அழிக்கவே இல்லை. சாஃப்ட்வேரும் காலாவதி. வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரியாதா? ராத்திரி கூடாரத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மெமரி கார்டில் ஏற்றினேன். போன் செய்தபோது உடனே எடுத்து வழி சொன்னார்கள், அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் ஆன்டெனா: கார்பன் ஃபைபர் உடம்பு ரேடியோ அலையை மறைக்கும், கண்ணாடி மூடிக்குக் கீழே செங்குத்தாக வையுங்கள். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் நாள் நான் பக்கத்தில் வந்த பிறகுதான் நண்பனின் பெட்டியில் தெரிந்தேனாம்.

மூன்றாம் நாள் மேகத்துக்கு அடியில் இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். பீப். இடது, கீழே. பீப் வேகமாகிறது. இறக்கையை நிமிர்த்தி வெளியே நகர்ந்தேன். நான் இருந்த இடத்துக்கு ஒரு வெள்ளை மூக்கு நிதானமாக எழுந்து வந்தது. ஓட்டியவரின் நீலத் தொப்பி வரை தெரிந்தது. கொடுத்த வாடகை அன்றைக்கே வசூலாகிவிட்டது.

அடுத்த வருடமும் எடுப்பேன், ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே வரவழைத்து ஆன் செய்து பார்த்துவிடுவேன். முன்பணம் திரும்பி வந்தது, ஒட்டுப்பட்டை ஒன்று குறைகிறதென்று ஐந்து யூரோ பிடித்துக்கொண்டு. எங்கள் தெரு வாடகைப் பாத்திரக்கடை அண்ணன் ஒரு கரண்டி குறைந்தால் "கிடைச்சா குடுங்க தம்பி" என்பார்.