மணல் அடிக்கும்போது மூக்குக்கு எது காவல்?

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. கேட்டுக்கு என்ன பெயின்ட் அடித்தாலும் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம், மூன்றாவது வருஷம் கீல் பக்கம் பொரிப் பொரியாகத் துரு கிளம்பிவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்ற வெறுப்பில் ஒரு கம்ப்ரசரும், அதன் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் கன்னும் வாங்கினேன். முகத்துக்கு என்ன போடுவது என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன். வரிசையே தப்பு.

மாஸ்க்குக்கு முன்னால் மணல். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. இரும்பில் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியும் தூசி கீழே விழுந்துவிடும். 4 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருப்பது காற்றிலேயே நின்று நுரையீரலின் அடிவரை போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. பிரிட்டனில் வார்ப்படங்களுக்கு மணல் அடிப்பதை 1949-லேயே தடுத்துவிட்டார்கள். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்டிலும் இதே சிலிக்கா உண்டு, அதனால் ‘ஆற்று மணல் இல்லையே’ என்று நிம்மதிப்பட ஒன்றுமில்லை. நான் கார்னெட்டுக்கு மாறினேன், நம் தென்கோடிக் கடற்கரைகளில் சிவப்பாகக் கிடக்குமே, அதுதான். அதில் இந்தப் படிகச் சிலிக்கா மிகக் குறைவு. காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு) விலை மலிவு, ஆனால் அதில் ஆர்செனிக், பெரிலியம் மாதிரி உலோகங்கள் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம் என்பதால் எனக்கு மனம் வரவில்லை.

சரி, மாஸ்க். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் ஒரு கடையில் கேட்டதும் துணி மாஸ்க்கை எடுத்து நீட்டி, “எல்லாரும் இதத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க” என்றார். கர்ச்சீப்பும் அதுவும் ஒரே ஜாதி. சர்ஜிக்கல் மாஸ்க்கும் அப்படித்தான், ஓரம் முழுக்கத் திறந்திருக்கும்.

என்95-ஐ ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். வடிகட்டும் துணியில் குறையில்லை, 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தைப் பிடிக்கும். சிக்கல் ஓரத்தில். மே மாத வெயிலில் பத்து நிமிஷத்தில் மாஸ்க் நனைந்து தொய்ந்துவிட்டது. கழற்றிக் கண்ணாடியில் பார்த்தால், மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணுக்குக் கீழிருந்து உதடு வரை செம்பழுப்பில் இரண்டு கோடு. வியர்வையில் படிந்த தூசி, மாஸ்க்குக்கு உள்ளே! எந்த வழியாக வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் ரப்பர் ஹாஃப் மாஸ்க்கில் பி100 ஃபில்டர் (அந்த மெஜந்தா நிற வட்டு) போட்டால் 99.97 சதவீதம். ஆனால் வேடிக்கை பாருங்கள், அமெரிக்கக் கணக்கில் என்95, ஹாஃப் மாஸ்க் இரண்டுக்கும் பாதுகாப்பு எண் ஒன்றுதான்: 10. வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரலாம் என்று வைத்துக்கொண்டே போடுகிறார்கள், ஏனென்றால் கசிவது ஃபில்டரில் இல்லை, முகத்தோடு சேரும் இடத்தில். எண் ஒன்றானாலும் எங்கள் ஊர் வியர்வையில் ரப்பர்தான் நிற்கிறது. ஃபில்டர் இரண்டையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு உறிஞ்சிக்கொள்ள வேண்டும், அதைத் தினமும் பார்க்கலாம். தாடி இருந்தால் இரண்டுமே வீண். நான் மழித்துவிட்டேன், வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு.

ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்கு எண் 50, கண்ணுக்கும் காப்பு. தெறித்து வரும் கார்னெட் அதன் கண்ணாடியை மங்கலாக்கிவிடும் என்பதால் மேலே ஒட்டும் ஷீட் கட்டாயம்.

நிஜமாகவே இந்த வேலைக்கென்று செய்தது காற்றுக் குழாய் இணைத்த ஹெல்மெட். எண் 25, சோதித்துச் சான்று பெற்ற மாடலுக்கு 1000. தோள்வரை மூடும், கழுத்தில் மணல் இறங்காது. ஆனால் கேட்டுக்கு ஓடும் ஆயில் கம்ப்ரசரிலேயே அந்தக் குழாயையும் சொருகிவிடலாம் என்று நினைத்தால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் ஆவி வரும், சூடேறினால் கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனையே கிடையாது. சுவாசிக்கத் தகுந்த காற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும், அந்தச் செலவில் நாலு கேட் புதிதாகவே செய்யலாம்.

கடைசியில் நான் வேலையைப் பிரித்துவிட்டேன். கீல், தாழ்ப்பாள் மாதிரிச் சின்னச் சாமான்கள் கையுறை வைத்த மூடிய பெட்டிக்குள், ஹாஃப் மாஸ்க் போட்டுக்கொண்டு. திறந்த வெளியில் கார்னெட்டால் கொஞ்ச நேரம் அடிப்பதென்றால் ஃபுல் ஃபேஸ், பி100, அதுவும் மேல்வீட்டு மாமி “தம்பி, மாடியில துணி காயுது” என்று குரல் கொடுக்காத நேரமாகப் பார்த்து. பழைய பெயின்ட் என்றால் அதுவும் இல்லை, ஈயம் இருக்கலாம். முழு கேட்டையும் இந்த முறை அம்பத்தூர் பட்டறைக்கே அனுப்பிவிட்டேன்.

ஒன்று விட்டுப்போச்சு. முதல் நாள் வேலை முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு விளக்குமாற்றால் தரையைப் பெருக்கினேன். இப்போது தண்ணீர் தெளித்து வாரி, சட்டையைக் கழற்றி வாளியில் நனைத்த பிறகுதான் மாஸ்க் இறங்குகிறது.