உப்பிய பேட்டரியும் உலகளாவிய வாரண்டியும்

இந்தக் கோடையில் ஊருக்கு வந்த இடத்தில் என் நேரத்தை விழுங்கியது ஒரு லேப்டாப் பேட்டரி. நான் வசிக்கும் ஜெர்மனியில் வாங்கிய லேப்டாப். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று ஆண்டு வாரண்டி, உலகம் முழுவதும் செல்லும் என்று கூடவே வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேட்டரிக்கு மட்டும் ஓராண்டு. பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. எந்தக் கணக்கில் பார்த்தாலும் எனக்கு வாரண்டி இருந்தது.

முதலில் டச்பேடு அழுந்தவில்லை. பிறகு மூடி சரியாக மூடவில்லை. பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அடித்தகடு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற வேதிக் கலவை சிதைந்து வாயு சேர்ந்தால் இப்படி உப்பும், வெப்பம் அதை வேகப்படுத்தும். குத்துப்பட்டாலோ மேலும் சூடேறினாலோ தீப்பிடிக்கவும் கூடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததால் உடனே அணைத்துவிட்டு, மேசையில் தனியாக வைத்துவிட்டு, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

எண்களை அழுத்தி அழுத்தி ஒரு மனிதக் குரலுக்கு வந்து சேர்ந்ததை விவரிக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் பழக்கமானதுதான். வந்த தம்பி நல்ல தமிழில், அவ்வளவு பணிவாகப் பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், லேப்டாப்பை ஆன் பண்ணி டயக்னாஸ்டிக் ரன் பண்ணுங்க சார். அதுல வர்ற எரர் கோடைச் சொன்னாத்தான் கேஸ் ஓப்பன் பண்ண முடியும்."

"தம்பி, பேட்டரி உப்பியிருக்கு. இந்த நிலைமையில ஆன் பண்ணவே கூடாதுன்னு உங்க கம்பெனி கையேட்டுலயே எழுதியிருக்கே."

"புரியுது சார். ஆனா சிஸ்டம்ல அந்த இடத்தைக் காலியா விட முடியாது சார்."

இந்த ஒரு வரிதான் இன்னும் ஆறவில்லை. தீப்பிடிக்கக்கூடிய ஒரு பொருளை, அதற்கு இன்னும் மின்சாரம் கொடுத்துச் சோதித்துப் பார் என்று அதைத் தயாரித்த நிறுவனமே வாடிக்கையாளரிடம் சொல்கிறது. வீட்டில் எழுபது தாண்டிய அப்பா, அம்மா இருக்கிறார்கள். எரர் கோடு இல்லாவிட்டால் கேஸ் இல்லை என்கிறது அவர்களுடைய மென்பொருள். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் 'பேட்டரி உப்பியிருக்கிறது' என்று குறிக்க ஓர் இடம்கூட வைக்காதவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

மேலதிகாரியிடம் இணைப்பு வாங்கிய பிறகு அடுத்த சுவர். "இந்த சீரியல் நம்பர் ஜெர்மனியில ரிஜிஸ்டர் ஆகியிருக்கு. நீங்க அங்கதான் சார் பேசணும்."

நேர வித்தியாசம் மூன்றரை மணி நேரம், அதனால் மதியம் வரை காத்திருந்து அங்கே அழைத்தேன். அங்கே பேசிய பெண்மணியின் குரலில் குளிர்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. எரர் கோடு கேட்கவில்லை. உப்பிய பேட்டரி என்றதும், ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு உடனே கேஸ் எண் கொடுத்தார். மின்னஞ்சலும் வந்தது. அங்கே எனக்குப் பிடித்ததே இதுதான்: உபசாரமெல்லாம் கிடையாது, சொன்னது எழுத்தில் வந்துவிடும். ஆனால் தீர்வு? "கருவி இந்தியாவில் இருக்கிறது, அங்கே பேசுங்கள். இல்லையென்றால் எங்களுக்கு அனுப்பி வையுங்கள்."

எப்படி அனுப்புவது? சேதமடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதி. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. நல்ல நிலையில் உள்ள லேப்டாப் பேட்டரிதான், அதன் மின்கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வியில்லாமல் போகும். விமான கொரியரிலும் இதை எடுக்க மாட்டார்கள். ஆக, இந்த லேப்டாப் இந்தியாவில்தான் சரியாக வேண்டும், ஆனால் இந்தியாவில் சரி செய்ய அதன் பதிவு இங்கே இல்லை. உலகளாவிய வாரண்டி எந்த உலகத்துக்கு என்று இரண்டு பக்கமும் கேட்டேன். பதில் வரவில்லை.

கடைசியில் பதிவை நாடு மாற்றும் படிவம் ஒன்று இருப்பதாக மேலதிகாரி சொன்னார். முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது. படிவத்தைத் திறந்தால், நாடு இந்தியா என்று தேர்வு செய்த பிறகும் பின்கோடு கட்டம் ஐந்து இலக்கத்துக்கு மேல் ஏற்கவில்லை. ஜெர்மனியில் ஐந்து, நம்முடையது ஆறு. நாடு மாறிப் போகிறவர்களுக்கென்றே செய்த படிவத்தை ஒருவர்கூட இன்னொரு நாட்டு முகவரி போட்டுப் பார்க்கவில்லை என்றால், அந்தச் சேவையை எவ்வளவு அக்கறையோடு நடத்துகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. மின்னஞ்சலில் பக்கவாட்டுப் புகைப்படம், பில், முகவரி, இது தீ அபாயம் என்ற வாசகம் எல்லாவற்றையும் வைத்து இரண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் பதிவு மாறியது.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்கலாம். ஜெர்மனியில் விற்ற கடைக்கு இரண்டு ஆண்டு பொறுப்பு உண்டு. 2022 முதல், வாங்கிய ஓராண்டுக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. ஆனால் அது கடையிடம் கேட்க வேண்டிய உரிமை. ஊரில் நிற்பவனுக்கு எட்டாது. தயாரிப்பாளர் தரும் வாரண்டி வேறு, அதில் அவர்கள் எழுதிய நிபந்தனைதான் செல்லும். இந்தியாவில் வாங்கிய பொருளாக இருந்திருந்தால் நேராக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போயிருப்பேன், தமிழிலேயே பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் நிற்பவர்கள்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

காத்திருந்த நாட்களில் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் நினைவுதான் வந்துகொண்டே இருந்தது. பீப் சத்தம் வந்தால் பக்கத் தகடைக் கழற்றி, ரேமை உருவி, அழிப்பானால் தேய்த்துத் திரும்பச் செருகினால் ஓடும். யாரிடமும் சீரியல் நம்பர் சொன்னதில்லை. லேப்டாப்பிலும் அப்போதெல்லாம் அடியில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும், நகர்த்தினால் பேட்டரி தனியாகக் கையோடு வந்துவிடும். அந்தத் தாழ்ப்பாள் மட்டும் இருந்திருந்தால் உப்பியதைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு லேப்டாப்போடு விமானம் ஏறியிருப்பேன். மெலிதாக இருக்க வேண்டும் என்று உள்ளே வைத்துத் திருகி மூடிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய கருவிகளில் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். எனக்கு அந்தத் தேதி மேல் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

பதிவு மாறிய மறுநாளே சர்வீஸ் இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். இது எனக்கு உண்மையிலேயே இன்ப அதிர்ச்சி. நான் அங்கே வாங்கியிருந்த திட்டத்தில் பழுதென்றால் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. இங்கே ஆள் வாசலுக்கு வருகிறார். வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். லேப்டாப்பைப் பக்கவாட்டில் ஒரு முறை பார்த்தார்.

"இதுக்கு எரர் கோட் எதுக்கு சார்? பார்த்தாலே தெரியுதே."

அப்பாவிடம் திரும்பி, "ஐயா, ஜன்னல் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா, காத்தோட்டமா இருக்கணும்" என்று கேட்டு இடம் பிடித்தார். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் அடுக்கினார். ஒட்டியிருந்த பேட்டரியை உலோகக் கருவி எதுவும் படாமல், பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல மெல்ல நெம்பி எடுத்தார். பழையதைத் தடித்த பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டார். 2022 பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. புதியதைப் பொருத்திய பிறகு சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைக் காட்டினார். "இங்க வெயிலுக்கு இது நல்லது சார்" என்றார். டச்பேடு அழுந்துகிறதா, மூடி மூடுகிறதா என்று அவரே பலமுறை சோதித்த பிறகுதான் கையெழுத்துக் கேட்டார். இவ்வளவு நேர்த்தியாக வேலை தெரிந்தவரை எனக்கும் அவருக்கும் நடுவில் நின்ற திரைகள் அத்தனை நாள் வரவிடவில்லை.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் லேப்டாப்பின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு எந்த நாட்டில் பதிவு என்று பாருங்கள், பதிவை நாடு மாற்றும் வழியையும் இப்போதே விசாரித்து வையுங்கள். பில்லின் பிரதியைப் போனில் வைத்திருங்கள். இன்னொன்று, வெளிநாட்டு விசைப்பலகை உள்ள லேப்டாப்பில் அதுவே பழுதானால் அந்த அமைப்பு இங்கே கையிருப்பில் இருக்காது என்று இன்ஜினியர் சொன்னார். பேட்டரி எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

இப்போது ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டேன். லேப்டாப்பின் பதிவு இன்னும் இந்தியாவில் இருக்கிறது. அதை இங்கே மாற்றச் சொல்லி அதே படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன், ஐந்து இலக்கம் என்பதால் இந்த முறை ஏற்றுக்கொண்டது.