மோதும் விண்மீன் காற்றுகள்: ரேடியோ அலைகளும் உயர் ஆற்றல் கதிர்களும்

ஒன்றையொன்று சுற்றும் பெருநிறை இரட்டை விண்மீன்கள் வெளியேற்றும் வேகமான வாயு ஓட்டங்களே அவற்றின் காற்றுகள்; அவை மோதி, வாயு திடீரென அழுத்தப்படும் அதிர்ச்சி முகப்பில் முடுக்கப்படும் எலக்ட்ரான்கள், காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை வெளியிடுவதோடு, விண்மீன் ஒளியின் ஃபோட்டான்களுக்கு ஆற்றலூட்டி அவற்றை எக்ஸ் கதிர்களாகவும் காமா கதிர்களாகவும் மாற்றுகின்றன.

மோதலின் இடத்தையும் வடிவத்தையும் அறிய ரேடியோவே சிறந்தது என்பேன். ஏறத்தாழ 7.9 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கும் டபிள்யூ.ஆர். 140 விண்மீன் இணையில், வில்லாக வளைந்த மோதல் பகுதியும், விண்மீன்கள் நகர நகர அந்த வில் திரும்புவதும் ரேடியோ படங்களில் அழகாகத் தெரிகின்றன; காமா கதிர்த் தொலைநோக்கிகளுக்கு அத்தகைய கூர்மை இல்லை.

ஆனால் காற்று அடர்த்தியாக இருந்தால் அதுவே ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். ஈட்டா கரினே என்ற இரட்டை விண்மீனில் அந்தத் திரையைத் தாண்டி வந்தவை உயர் ஆற்றல் கதிர்களே: ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி காமா கதிர்களைக் கண்டது, 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு மேற்பட்ட எக்ஸ் கதிர்களை நியூஸ்டார் விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த முடிவு 2018-இல் வெளியானது. எலக்ட்ரான்களோடு புரோட்டான்களும் முடுக்கப்படுகின்றனவா என்ற கேள்விக்குக் காமா கதிர்களிடமே தடயம் தேட வேண்டும்.