பூவர் பாதிரியாரைப் பைண்ட் பண்ணக் குடுத்த கதை (திருகோணமலை டவுன் போட்டோக்கொப்பிக் கடை)

மாமாவுக்கு இந்த வருசம் எண்பது. மனுசியின்ர அப்பா, தெல்லிப்பழை ஆள், யூனியன் கொலிஜ்ல படிச்சவர், 1990ல இடம்பெயர்ந்து வந்து இப்ப உவர்மலையில எங்களோட இருக்கிறார். பிறந்தநாளுக்குச் சேட்டு சாரம் வாங்கிக் குடுத்தா அலுமாரிக்குள்ளயே கிடக்கும், அதால இந்தமுறை அவர் எந்த நேரமும் கதைக்கிற, யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் டானியல் பூவரைப் பற்றி நெட்டில ஸ்கான் பண்ணிக் கிடந்த பழைய பக்கங்களை 260 பக்கம் சேத்து பென்ட்ரைவில போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனன். கடைப்பேர் சொல்லேல்ல, ஏனெண்டு கீழ வாசிக்க விளங்கும். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, வாசல்ல மான் படுத்திருக்கும். (திருமலை ஆக்களுக்கு இது ஒரு அடையாளமே இல்லை, தெரியும்.)

முதல் நல்லதைச் சொல்லுறன். பழைய தாள் ஸ்கான் பண்ணினா பின்னணி முழுக்க பழுப்பா வரும், அப்பிடியே பிரிண்ட் போட்டா கறுப்படிச்சு எழுத்துத் தெரியாது, டோனரும் நாசம். முதல் போன கடையில அப்பிடித்தான் அடிச்சுத் தந்தவங்கள். இஞ்ச நிண்ட பெடியன் நான் சொல்லாமலே ஒரு பக்கத்தை எடுத்து வெளிச்சம் கூட்டி, ரெண்டு மூண்டு தரம் அடிச்சுப் பாத்து, தாளை லைட்டுக்கு நேர பிடிச்சுக் காட்டி, "இது காணுமே அண்ணை, இன்னும் கூட்டினா புள்ளியள் அழிஞ்சிடும்" எண்டு கேட்டான். அதிலயே எனக்கு ஆளைப் பிடிச்சிட்டுது.

மெசின் ஓடிக்கொண்டிருக்க "ஆர் அண்ணை இந்தக் கிழவர்" எண்டான். சொன்னன். அமெரிக்காவில மசசூசெட்ஸ்ல 1789ல பிறந்தவர், 1815ல பிரஸ்பிட்டேரியன் குருவாகி அதே வருசம் கப்பல் ஏறி, 1816ல கொழும்புக்கு வந்து அங்கயிருந்து யாழ்ப்பாணம் போனவர். தெல்லிப்பழையில இடிஞ்சு கிடந்த பழைய தேவாலயத்துக் கட்டடத்திலதான் குடியிருந்தவை, அந்த வருசமே பள்ளிக்கூடம் துவங்கினார், அதுதான் பிறகு யூனியன் கொலிஜ். 1823ல வட்டுக்கோட்டை செமினரி எண்ட மிசன் கல்லூரி, அதுக்கும் இவர்தான் தலைவர். தமிழ் படிச்சுத் தமிழில பிரசங்கம் பண்ணினவர், நடுவில கொஞ்ச வருசம் மதுரைக்கும் போய்ப் பள்ளிக்கூடங்கள் நடத்திப்போட்டுத் திரும்பி வந்தவர்.

பெடியன் பிடிச்சுக்கொண்டது கிரகணக் கதையை. 1829 மார்ச்சில சந்திர கிரகணம், பஞ்சாங்கம் கணிக்கிற விசுவநாத சாஸ்திரியார் சொன்ன நேரத்துக்கும் பூவர் கணிச்ச நேரத்துக்கும் வித்தியாசம், சனம் கூடி நிண்டு பாக்க பூவரின்ர கணக்குத்தான் சரிவந்தது. இவன் உடன சுவரில தொங்கின கலண்டரைக் காட்டி "இஞ்ச இப்பவும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் திருக்கணித பஞ்சாங்கம் ஒரு நேரம், வருசப்பிறப்புக்கு முதல் நாள் வாற ஆக்களெல்லாம் என்னட்டத்தான் எது சரியெண்டு கேக்கினம்" எண்டு சிரிச்சான். ஆனா ஒண்டு, பூவர் அதைச் செய்தது வானசாஸ்திரத்துக்காக மட்டும் இல்லை, உங்கட சாத்திரம் பிழையெண்டா சமயமும் பிழைதானே எண்டு காட்டத்தான். இதை மாமாட்டச் சொன்னா கோவம் வரும். அவர் "படிப்புத் தந்தவரெல்லே" எண்டுவார். அதுவும் சரிதான், சமயம் மாத்தக் கட்டின செமினரியில படிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளைதான் பிறகு சைவத்துக்குத் திரும்பி தொல்காப்பியம் கலித்தொகையெல்லாம் பதிப்பிச்சவர். பூவர் இதை எதிர்பாத்திருக்க மாட்டார்.

அச்சுக் கதை ஒண்டும் இருக்கு, கடைக்குப் பொருத்தமா. 1820ல மிசன் அமெரிக்காவிலயிருந்து ஜேம்ஸ் கரட் எண்ட அச்சுக்காரரைக் கூப்பிட்டெடுத்தது, ஆள் வந்து இறங்கினாப் பிறகு பிரிட்டிஸ் அரசாங்கம் நிக்க விடேல்ல, திருப்பி அனுப்பிப்போட்டுது. எனக்கு ரெண்டு மணித்தியாலத்தில 130 தாள் ரெண்டு பக்கமும் வந்திட்டுது.

இனி பிழை. பைண்டிங் பகுதியில நிக்கிறவர் வேற ஆள், வயசானவர், அவசரக்காரர். ஓரம் வெட்டேக்க மெசினில இறுக்கிப்போட்டு ஒரே அமத்து, கீழ இருந்த அடிக்குறிப்பில ஒரு வரி முழுக்கப் போட்டுது. கேட்டா "வெட்டாட்டி வடிவா இராது தம்பி". வடிவு ஆருக்கய்யா வேணும்? அதோட ஒரு தாள் தலைகீழாப் போய்த் தைபட்டிருக்கு, அது எந்தத் தாள் எண்டு பாத்தா, 1855 பெப்ரவரி 3, மானிப்பாயில கொலராவில பூவர் செத்த பக்கம். (அதுக்கு மூண்டு வருசம் முந்தி பர்மாவில அதே கொலராவில செத்த அட்மிரல், இங்கிலீஸ் நாவல் எழுதின ஜேன் ஒஸ்டின்ர தம்பி சார்ள்ஸ் ஒஸ்டினை இஞ்ச எங்கட ஊரிலதான் தாட்டிருக்கு, பக்கத்தில இருக்கிற எங்களுக்கே தெரியாது.) பூவர் செத்த அதே வருசம் செமினரியும் மூடினவை. பிரிச்சுத் தைக்கச் சொன்னா நாளைக்கு வா எண்டினம், நாளைக்குத்தான் பிறந்தநாள், விட்டிட்டன்.

காசு நியாயம்தான், தாளுக்கு 15 ரூபாப் படி 1950, கெட்டி மட்டையும் பொன்னெழுத்துமா 600. எழுத்துப்பிழை இல்லை. 5க்கு மூண்டரை, அந்த அரை பெடியனுக்கு.

மாமா அந்த இடம் வரேக்க புத்தகத்தைத் திருப்பிப் பிடிச்சு வாசிச்சுப்போட்டு மறுபடி நிமித்தி வைச்சார், ஒண்டும் சொல்லேல்ல. இப்ப தன்ர கூட்டாளிக்கு இன்னொரு கொப்பி கேக்கிறார். அதே கடைக்குத்தான் குடுக்கப்போறன், ஆனா வெட்டேக்க பக்கத்தில நிப்பன்.