ஹாக் மூட்டில் வீக்கம்: மெத்தென்று இருப்பதா, கெட்டியாக இருப்பதா, எதற்குக் கவலைப்படணும்?

குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டை நிறையப் பேர் முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஹாக், நமக்குக் கணுக்கால் எதுவோ அது. துருத்தி நிற்கும் முனை குதிகால் எலும்பு, நிஜ முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. இந்த ஹாக் ஒரே மூட்டும் இல்லை, அடுக்கடுக்காக நான்கு. மடங்கி நீளும் வேலை கிட்டத்தட்ட முழுவதும் மேல் மூட்டுடையது. கீழே உள்ள இரண்டும் அசைவதே தெரியாது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் அழுத்தத்தையும் முறுக்கலையும் வாங்கிக்கொள்கின்றன.

போக் ஸ்பாவின் என்பது மேல் மூட்டில் நீர் கோப்பது. முன்பக்கம் உள்புறமாக மெத்தென்று புடைக்கும், அதை அமுக்கினால் பின்னால் பக்கவாட்டில் இன்னொரு புடைப்பு உப்பும். பார்த்தால் பகீரென்று இருக்கும், ஆனால் பெரும்பாலும் குதிரை நொண்டாது. ஊசி போட்டு நீரை எடுத்தாலும் காரணம் உள்ளே இருக்கும்வரை திரும்பக் கோத்துக்கொள்ளும், அதனால் அழகுக்காக மட்டும் அதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இளங்குதிரைக்கு வந்தால் மட்டும் எக்ஸ்ரே எடுத்தே ஆகணும், வளரும் வயதில் குருத்தெலும்புத் துணுக்கு பெயர்ந்து மூட்டுக்குள் கிடக்கலாம்.

போன் ஸ்பாவின் இதற்கு நேர்மாறு. கீழ் மூட்டுகளின் தேய்மானம் இது, வெளியே ஒன்றுமே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும், உள்புறம் கீழே கெட்டியான புடைப்பு வருவதெல்லாம் பிறகுதான், சில குதிரைகளுக்கு அதுவும் வராது. காலையில் லாயத்தை விட்டு வரும்போது விறைப்பு, நடக்க நடக்கச் சரியாகிவிடும், குளம்பின் முன்முனை தரையில் உரசித் தேயும். அந்தப் பின்னங்காலை 60 முதல் 90 விநாடி மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓட வைத்தால் நொண்டல் கூடும். ஆனால் ஹாக் மடங்கும்போது முழங்காலும் சேர்ந்தே மடங்குவதால், அதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. மூட்டை மரத்துப்போகச் செய்து நொண்டல் குறைகிறதா என்று பார்க்கணும், எக்ஸ்ரேயும் வேணும்.

எனக்கு இரண்டில் கவலை போன் ஸ்பாவின்தான். ஆனாலும் ஒரு ஆறுதல் உண்டு, அசையாத மூட்டு என்பதால் எலும்புகள் ஒட்டிப்போனாலும் நடைக்குப் பெரிய நஷ்டமில்லை, வலியும் அடங்கிவிடும். தானாக ஒட்டக் காத்திருந்தால் வருடங்கள் போகலாம், அதுவும் நிச்சயமில்லை, அதனால்தான் வலி மருந்து, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, அப்புறம் அறுவை என்று படிப்படியாகப் போகிறார்கள். மேல் மூட்டு இப்படி ஒட்டிப்போனால் சவாரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

தரோபின் வீக்கத்தை போக் ஸ்பாவினோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குதிகால் முனைக்கு மேலே, பெரிய தசைநாணுக்கு முன்னால் வரும் தசைநாண் உறை வீக்கம். முனையிலேயே வந்தால் பெரும்பாலும் சுவரில் உதைத்ததாலோ கெட்டித் தரையில் படுத்ததாலோ வந்தது.

மெத்தென்ற வீக்கமே சூடாகி, பக்கத்தில் சின்னக் காயமும் இருந்து, குதிரை காலையே ஊன்றவில்லை என்றால் மேலே சொன்ன எதையும் யோசிக்காமல் அந்த மணிநேரமே மருத்துவரைக் கூப்பிடுங்கள், மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம்.