ஒரு டன்தான் ஏறும்: பறக்கும் கப்பல் கேம்பெய்ன், ஒன்றரை வருடம் கழித்து

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி மேஜையில் ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் பறக்கும் கப்பலும் புதையல் வேட்டையுமாக ஒரு கேம்பெய்ன், அதாவது பல நாள் தொடரும் ஒரே கதை. களம் மும்பை மாட்டுங்காவில் ஒரு ஹால், ஞாயிறு மதியம், ஐந்து ஆட்டக்காரர், கதையை நடத்த ஒரு டிஎம் (டன்ஜன் மாஸ்டர்). ஆட்டக்காரர்கள் பிரைவேட்டியர்கள், அதாவது அரசன் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரிக் கப்பலை மடக்குகிறவர்கள். இத்தனை நாள் சலிக்காமல் ஓடுவதற்குக் காரணம் வாள்சண்டை இல்லை, சரக்கறைக் கணக்கு.

2014 டிஎம் விதிநூலில் பறக்கும் கப்பலின் விலை 20,000 தங்கக் காசு. மாலுமிகள் 10, பயணிகள் 20, வேகம் மணிக்கு 8 மைல், சரக்கு 1 டன். அதே பட்டியலில் பாய்மரக் கப்பல் 100 டன் சுமக்கும். இந்த ஒற்றை டன்னைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை. ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. 2,000 பவுண்டு ஒரு டன், 50 காசின் எடை ஒரு பவுண்டு. காலிக் கப்பல் என்றால் லட்சம் காசு ஏறும். ஆனால் உள்ளே மாலுமிகளும் ஆட்டக்காரர்களுமாக 15 பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர் உணவு 2 பவுண்டு, தண்ணீர் ஒரு காலன், அது 8 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 150 பவுண்டு என்று வையுங்கள். புதையல் பத்து நாள் தூரத்தில் என்றால், திரும்பும் வழிக்கு மட்டும் 1,500 பவுண்டு போய்விடும். மிச்சம் 500 பவுண்டு, 25,000 காசு. அந்தக் காசு செம்பாக இருந்தால் மதிப்பு வெறும் 250 தங்கம்! குகை நிறையக் குவியலைப் பார்த்துவிட்டு எதை விட்டுவிட்டுப் போவது என்று மேஜையில் நடக்கும் சண்டைக்கு எந்த டிராகனும் ஈடில்லை.

ஆட்டக்காரர்களில் மந்திரம் போடும் கிளெரிக்கோ (பூசாரி) டுரூயிடோ (இயற்கை மந்திரவாதி) இருந்தால் இந்தக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். முதல் நிலைத் தண்ணீர் மந்திரம் ஒரு தடவைக்கு 10 காலன் தரும். இரண்டு தடவை போட்டால் கப்பலுக்கே போதும். அந்த மந்திரத்துக்குத் தடை போட வேண்டாம். தண்ணீருக்குச் செலவான ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்ற கோட்டா) சண்டையில் இருக்காது, அந்த வலி போதும்.

சண்டையில் முதலில் அடிபடுவது வேகம். மணிக்கு 8 மைல் என்பது ஆறு விநாடிச் சுற்றுக்கு ஏறத்தாழ 70 அடி. கிரிஃபன் என்ற கழுகுத் தலைச் சிங்கம் அதே சுற்றில் 80 அடி பறக்கும். ஓடித் தப்பலாம் என்ற நினைப்பை முதல் செஷனிலேயே உடைத்துவிடுங்கள். பலிஸ்டா என்ற ராட்சத வில்பொறிக்கு ஏற்ற, குறிவைக்க, எய்ய என மூன்று ஆக்‌ஷன் வேண்டும். ஒருவர் நின்றால் மூன்று சுற்றுக்கு ஒரு அம்பு. மூன்று பேரை நிறுத்தினால் சுற்றுக்கு ஒன்று. பத்து மாலுமிகளில் மூவர் அங்கே போனால் பாய்மரத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி தானாக எழும்.

விழுவது தனிக் கதை. மெதுவாக இறக்கும் ஃபெதர் ஃபால் மந்திரம் இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாகக் குதிப்பார்கள். அது சுற்றுக்கு 60 அடி இறக்கும், ஒரு நிமிடம்தான் நிற்கும். பத்துச் சுற்று, 600 அடி. லோயர் பரேல் கோபுரக் கட்டடங்களின் உயரம் அளவுக்கு. கப்பல் 1,000 அடியில் இருந்தால் மிச்சம் 400 அடி சும்மா விழ வேண்டும், சேதம் உச்சவரம்பான இருபது டி6, அதாவது ஆறு முகப் பகடை இருபது. அதனால் கப்பலின் உயரத்தை ஒவ்வொரு சுற்றிலும் எழுதி வையுங்கள். எங்கள் மேஜையில் கப்பல் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு இருபது முகப் பகடை இருக்கும். ஒரு எண் 50 அடி.

உரிமச் சீட்டை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தக் கொடி எதிரி, என்றுவரை செல்லும், அரசனுக்கு எத்தனை பங்கு, பிடித்த கப்பலை எந்தத் துறைமுகத்தில் காட்ட வேண்டும். நிஜத்திலும் எல்லாம் தாளில்தான் நின்றது. ஆங்கிலேய அரசின் சீட்டோடு கிளம்பிய கேப்டன் கிட் 1698-ல் இந்தியக் கடலில் பிடித்த கப்பலில் பிரெஞ்சுச் சீட்டு இருந்தது. விசாரணையில் அது வரவில்லை, 1701-ல் லண்டனில் தூக்கு. மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரையை ஆண்ட கன்ஹோஜி ஆங்ரே மராத்தியருக்குக் கடற்படைத் தலைவர், ஆங்கிலேயர் கணக்கில் கடற்கொள்ளையர். உங்கள் வில்லனுக்கு இதைவிட நல்ல அச்சு கிடைக்காது.

மேஜைப் பொருட்களில் ஒரே தொல்லை மழைக்காலம். ஜூலையில் கலர் ஜெராக்ஸ் வரைபடம் ஓரம் சுருண்டு, மேலே நிற்கும் மினியேச்சர்கள் (குட்டிப் பொம்மைகள்) சாய்ந்துவிடும். லாமினேட் செய்து கட்டம் போட்டால் மார்க்கரால் எழுதி அழிக்கலாம். மார்க்கர் எழுத்தை இரண்டு வாரம் அப்படியே விட்டால் கறை போகாது, அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

மூன்று ஆட்டக்காரர்தான் என்றால் இந்தக் கேம்பெய்னைத் தொடாதீர்கள். மாலுமிகளை ஓட்டும் வேலை முழுக்க டிஎம் தலையில் விழும்.